எதிர்ப்பு எதுவும் பதிவாகவில்லை

கடிதத்தை ஹெல்வி மூன்று முறை படித்தாள். மருத்துவ நிலையத்தின் மேசையில் உட்கார்ந்து ஒரு முறை, எழுந்து நின்று ஒரு முறை, காரின் கதவைத் திறந்து பிடித்தபடி ஒரு முறை. மூன்று முறையும் ஒரே வரியில்தான் அவளுக்கு ரத்தம் தலைக்கேறியது.

"சோவெரே கிராமத்தில் நடைபெற்ற கருத்துக் கேட்புக் கூட்டத்தில் எதிர்ப்பு எதுவும் பதிவாகவில்லை. ஆகவே காட்டுச் சாலை அக்டோபர் முப்பதாம் தேதி முதல் நிரந்தரமாக மூடப்படும்."

எதிர்ப்பு இல்லையாம்! அன்றைக்கு அந்த மண்டபத்தில் உட்கார்ந்திருந்த நாற்பத்தோரு பேரில் வயிறு எரியாதவர் யாராவது உண்டா? வயிறு எரிந்தது உண்மை. வாய் திறக்காததும் உண்மை. எஸ்தோனியர்கள் கோபப்பட்டால் அது வெளியே தெரியக் குறைந்தது ஒரு தலைமுறையாவது ஆகும். சோவெரேக்காரர்களுக்கு இரண்டு.

ஹெல்வி அந்த ஊரின் செவிலி. இருபத்தொன்பது வருஷமாக அந்த மருத்துவ நிலையத்துக்கு அவள்தான் எல்லாமும். டாக்டர் வாரத்தில் ஒரு நாள் பர்னு நகரத்திலிருந்து வருவார், வந்து அவள் எழுதி வைத்ததில் கையெழுத்துப் போடுவார். தலைநகர் டாலினிலிருந்து தெற்கே போலந்தின் வார்சா வரை போகப்போகும் அதிவேக ரயில் பாதை ஊருக்கும் கிழக்குக் காட்டுக்கும் நடுவே வகிடு எடுத்ததுபோல ஓடுகிறது. இரண்டு பக்கமும் ஆளுயரத்துக்கு மேல் வேலி. மணிக்கு இருநூறு கிலோமீட்டருக்கு மேல் போகிற ரயிலுக்கு முன்னால் கேட் போட்டு ஆளை நிறுத்த முடியாது, அது நியாயம்தான். ஆனால் காட்டுச் சாலையை மூடிவிட்டால், வேலிக்கு அந்தப் பக்கம் போக நாலு கிலோமீட்டர் இருந்தது முப்பத்தொன்று ஆகிவிடும்.

அந்தப் பக்கம் ஐந்து வீடுகள். நாலில் கோடை விடுமுறைக்கு மட்டும்தான் ஆள் வரும். ஐந்தாவது வீட்டில் கால்யு இருந்தான்.

கால்யுவுக்கு வயது ஐம்பத்தெட்டு. காட்டில் மரம் வெட்டும் பெரிய இயந்திரத்தை ஓட்டியவன். சர்க்கரை நோயால் இடது காலில் இரண்டு விரல்கள் போய்விட்டன. பாதத்தில் இன்னொரு புண் ஆறுவேனா என்று அடம்பிடித்துக்கொண்டிருந்தது. ஒரு நாள் விட்டு ஒரு நாள் ஹெல்வி போய்க் கட்டு மாற்றுகிறாள். அவளால் போக முடியாவிட்டால், அவனைப் பர்னுவில் உள்ள பராமரிப்பு இல்லத்துக்கு மாற்றிவிடுவார்கள். மூன்று பேர் படுக்கும் அறை, ஜன்னலுக்கு வெளியே கார் நிறுத்தும் இடம். அங்கே கால்யு ஆறு மாதம்கூடத் தாங்க மாட்டான் என்பது ஹெல்விக்குத் தெரியும். அப்படி அனுப்பிய நாலு பேரின் ஈமச்சடங்குக்கு அவள் போய் வந்திருக்கிறாள்.

கார் காட்டுச் சாலையில் குதித்துக் குதித்துப் போனது. போகும் வழியெல்லாம் இரண்டு வருஷத்துக்கு முந்தைய அந்தக் கூட்டம்தான் அவள் மனதில் ஓடியது.

டாலினிலிருந்து மூன்று பேர் வந்திருந்தார்கள். திரையில் படம் காட்டினார்கள். வெள்ளை ரயில், நீல வானம், சிரிக்கும் குடும்பம். அந்த மாதிரிச் சிரிக்கிற குடும்பம் எதையும் சோவெரேயில் யாரும் பார்த்ததில்லை. படம் முடிந்ததும் தார்வோ என்ற இளம் அதிகாரி, "யாருக்காவது எதிர்ப்பு இருக்கா? கேள்வி இருக்கா?" என்று கேட்டான். நாற்பத்தோரு பேரும் தங்கள் பூட்ஸைப் பார்த்தார்கள். ஹெல்வியின் சட்டைப் பையில் மூன்று கேள்விகள் எழுதிய தாள் இருந்தது. முதலில் எழுந்தால் பெரிய மனுஷி ஆகப் பார்க்கிறாள் என்பார்கள். யாராவது ஆரம்பிக்கட்டும் என்று அவள் காத்திருந்தாள். எல்லோரும் அதற்குத்தான் காத்திருந்தார்கள். கடைசியில் நூலகத்தைப் பார்த்துக்கொள்ளும் ஐனோ கையைத் தூக்கி, "காபிக் கோப்பையெல்லாம் யார் கழுவுறது?" என்று கேட்டாள்.

அதை மட்டும் குறிப்பில் எழுதியிருந்தார்கள். "ஒரு கேள்வி: கோப்பைகள் கழுவுதல். விளக்கம் அளிக்கப்பட்டது."

வெளியே கார் நிறுத்தும் இடத்துக்கு வந்த பிறகுதான் பேச்சு பீறிட்டது. தேனீ வளர்க்கும் வெல்லோ காரின் கூரையில் குத்தினான். "கொள்ளைக்காரப் பசங்க! நம்மள ஆளாவே மதிக்கல!" முக்கால் மணி நேரம் எல்லோரும் மழையில் நின்று திட்டித் தீர்த்தார்கள். டாலின்காரர்கள் அதற்குள் பாதி தூரம் போயிருப்பார்கள்.

கால்யு சமையலறையில் காலை முக்காலியில் தூக்கி வைத்துக்கொண்டு கறுப்பு ரொட்டியில் உப்பு மீனை அடுக்கிக்கொண்டிருந்தான். ஹெல்வி கடிதத்தை ரொட்டிக்குப் பக்கத்தில் வீசினாள்.

"படி."

"படிச்சாச்சு. எனக்கும் வந்துச்சு."

"எப்போ?"

"போன வாரம்."

"போன வாரமா! முந்தாநாள் வந்து ஒரு மணி நேரம் உன் காலோட மல்லுக்கட்டினேனே, அப்ப சொல்ல வாய் வரலியா? காளான் எங்க முளைச்சிருக்குன்னு மட்டும் விலாவாரியா சொன்னே!"

"காளான் நல்ல சேதி," என்றான் கால்யு. "அதச் சொன்னேன்."

ஹெல்வி கையுறையை மாட்டிக்கொண்டு கட்டைப் பிரித்தாள். கோபத்தில் கை வேகமாகத்தான் போனது, ஆனால் புண்ணருகே வந்ததும் தானாக மெதுவாகிவிட்டது. அது வேறு அவளுக்கு எரிச்சலாக இருந்தது.

"அங்க பாரு," என்று ஜன்னல் பக்கம் தலையை ஆட்டினாள். மரங்களுக்கு மேலே புதுப் பாலம் தெரிந்தது. ஐம்பது மீட்டர் அகலம், மேலே மண் கொட்டி பைன் கன்று நட்டிருந்தார்கள். மூஸ் மான்கள் ரயில் பாதையைக் கடப்பதற்கான பாலம். மனிதர்கள் ஏறக்கூடாது என்று பலகையும் வைத்தாகிவிட்டது. "அந்த மானுக்கு வாய் இருக்கா? அதுக்காகப் பேச டாலின்லேர்ந்து ஆறு பேர் வந்தாங்க. ரெண்டு குளிர்காலம் மரத்துக்கு மரம் கேமரா மாட்டி எண்ணினாங்க. நம்மள எண்ணினது எப்படி? பிப்ரவரி மாசம், முழங்கால் உயரம் பனி, வண்டி ஏறினா கணக்கு எடுக்கிற ஒரு ரப்பர் குழாயை ரோட்டுக்குக் குறுக்க போட்டுட்டு ஒரு வாரம் கழிச்சு வந்து எடுத்துக்கிட்டுப் போனாங்க. நாளுக்கு ரெண்டு வண்டியாம். ஒண்ணு நான், ஒண்ணு தபால்."

"மான் நெறைய இருக்கு," என்றான் கால்யு. "நான் ஒருத்தன்தான்."

"எரிச்சலக் கிளப்பாத!"

"உள்ளதச் சொன்னேன். ஹெல்வி, எனக்கு அந்த ரயில் பிடிச்சிருக்கு, தெரியுமா? என் பையன் லிதுவேனியாவுல, கௌனாஸ்ல இருக்கான். பஸ்ல போனா இடுப்பு ஒடிஞ்சுடுது. ரயில்ல போனா மூணு மணி நேரமாம்."

"எங்க போய் ஏறுவ? பர்னுவுக்கு யார் உன்னக் கொண்டு போய் விடறது, மூஸ் மானா?"

அவன் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை. புதுக் கட்டைச் சுற்றி ஒட்டிவிட்டு எதிரே உட்கார்ந்தாள்.

"கேளு. விதி இருக்கு, நான் படிச்சுட்டேன். சாலை போனா வேற வழி இல்லாத குடியிருப்பாளர் ஒருத்தர், ஒரே ஒருத்தர், கூட்டத்துல எழுந்து 'எனக்கு எதிர்ப்பு'ன்னு சொன்னா, இந்தச் சாலை பத்தின ஃபைலைத் திரும்பத் திறக்கணும். அது முடியற வரைக்கும் ரோட்டை மூட முடியாது. அந்த ஒரு ஆள் நீதான். நான் சொன்னா செல்லாது, நான் இந்தப் பக்கத்துக்காரி இல்ல. மூடறதுக்கு முன்னாடி கடைசிக் கூட்டம் சனிக்கிழமை பதினோரு மணிக்கு. நீ வர்ற, சொல்ற. ரெண்டே வார்த்தை."

கால்யு ரொட்டியை மென்றான். "ம்," என்றான்.

அந்த "ம்"முக்கு என்ன அர்த்தம் என்று ஹெல்வி கேட்கவில்லை. அவளும் அந்த ஊர்க்காரிதானே. சரி என்று சொல்லிவிட்டான் என்று எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

அடுத்த மூன்று நாளும் வேலை முடிந்து வீடு வீடாக ஏறி இறங்கினாள். வெல்லோ தேன் போத்தல் கொடுத்து, "கட்டாயம் பேசறேன், கிழிச்சு எடுத்துடறேன் பாரு" என்றான். ஐனோ, "நீ முதல்ல ஆரம்பி, பின்னாடியே நான்" என்றாள். எல்லோரும் தலையாட்டினார்கள். தலையாட்டுவதில் சோவெரேக்காரர்களை மிஞ்ச ஆள் கிடையாது.

சனிக்கிழமை மண்டபத்தில் முப்பத்தேழு பேர். முட்டைக்கோஸ் வைத்த பன்னும் காபியும் இருந்தன. கால்யு ஊன்றுகோலோடு வந்து முன் வரிசையில் ஓரமாக உட்கார்ந்தான். நன்றாக முகம் மழித்து, இஸ்திரி போட்ட சட்டை அணிந்திருந்தான். பேசத்தான் வந்திருக்கிறான் என்று ஹெல்விக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது.

அதே தார்வோதான் வந்திருந்தான். இரண்டு வருஷத்தில் தலைமுடி கொஞ்சம் உதிர்ந்திருந்தது. பக்கத்தில் ஒரு பெண் மடிக்கணினியில் குறிப்பு எடுத்துக்கொண்டிருந்தாள். அவன் கெட்டவன் இல்லை. ஒழுங்காக, பொறுமையாகவே பேசினான்.

"இது சோவெரேக்காகப் போடற ரயில் இல்லன்னு எனக்குத் தெரியும். ஆனா யோசிச்சுப் பாருங்க, நம்ம நாடே பதிமூணு லட்சம் பேர். ஆளுக்கு ஆள் இவ்வளவு தள்ளித் தள்ளி இருக்கோம். வேகமாப் போய்வர வழி இல்லன்னா பசங்க வெளியே போயிட்டே இருப்பாங்க, திரும்ப மாட்டாங்க. கூட்டம் இருக்கிற நாட்டுக்கு ரயில் வசதி. நமக்கு அது உயிர்."

அதில் உண்மை இல்லாமல் இல்லை. ஹெல்வியின் சொந்த மகளே பின்லாந்தில், ஹெல்சிங்கியில்தான் இருக்கிறாள். உண்மை இருந்ததுதான் அவளை இன்னும் கொதிக்க வைத்தது.

"யாருக்காவது எதிர்ப்பு இருக்கா?"

மண்டபம் வாயில் கொழுக்கட்டையை அடைத்துக்கொண்டது. வெல்லோ தன் பூட்ஸில் ஏதோ புதிதாகக் கண்டுபிடித்தவன் போலக் குனிந்தான். ஐனோ பன்னில் இருந்த முட்டைக்கோஸை ஒவ்வொன்றாக எடுத்துத் தட்டில் வைத்தாள். கால்யு அசையவில்லை. குறிப்பெடுக்கும் பெண்ணின் விரல்கள் விசைகளின் மேல் காத்திருந்தன, பிறகு ஏதோ தட்டத் தொடங்கின. என்ன தட்டுகிறாள் என்று ஹெல்விக்குப் பார்க்காமலே தெரிந்தது.

"நிறுத்தும்மா!" என்று எழுந்துவிட்டாள். தன் குரலின் சத்தம் அவளுக்கே அச்சமாக இருந்தது. "அந்த வரியை எழுதாத. எனக்கு எதிர்ப்பு இருக்கு."

"சொல்லுங்க," என்றான் தார்வோ. "ஆனா நீங்க அந்தப் பக்கத்துல குடியிருக்கலியே..."

"இல்லதான். குடியிருக்கிறவன் இங்க கல்லு மாதிரி உக்காந்திருக்கான். அவனுக்கு ஒரு பாலம் வேணும்."

தார்வோ பெருமூச்சு விட்டான். "ஒரு கார் பாலம்னா இருபது லட்சம் யூரோ. ஒரே ஒரு ஆளுக்கு. எப்படி நியாயப்படுத்தறது, நீங்களே சொல்லுங்க."

"சொல்றேன் தம்பி. ஒரு ஆளுக்கு எதுக்குப் பாலம், நல்ல கேள்வி. அப்போ பதிமூணு லட்சம் பேருக்கு எதுக்கு அதிவேக ரயில்? வார்சாங்கிற ஒரே ஊர்ல இருக்கிற ஜனத்தை விட நாம மொத்த நாடும் கம்மி. அங்க இருக்கிறவன், 'இந்தக் கைப்பிடி ஜனத்துக்கா இவ்வளவு செலவு'ன்னு கேட்டா நீ என்ன சொல்லுவ? தலையை எண்ணக்கூடாது, அவங்களும் மனுஷங்க, வழி விட்டாத்தான் பிழைப்பாங்கன்னு சொல்லுவ. இப்பதானே சொன்ன! அதே வாயால கால்யுவோட தலையை மட்டும் எண்ணறியே, வெக்கமா இல்ல? எண்ணித்தான் எல்லாம்னா முதல்ல அந்தத் தண்டவாளத்தப் பேத்துத் தூக்கிட்டுப் போ. எண்ணாம செய்யறதுன்னா பாலத்தைக் கட்டு. ரெண்டுல ஒண்ணு!"

யாரோ பின்னால் மெதுவாகத் தொண்டையைச் செருமினார்கள். சோவெரேயில் அது கைதட்டலுக்குச் சமம்.

தார்வோவின் காது சிவந்துவிட்டது. அவன் ஒரு உறையிலிருந்து தாளை எடுத்தான், கொஞ்சம் தயங்கினான். "நீங்க சொல்றது புரியுது. ஆனா கால்யு அவர்களே பர்னுவுக்கு மாறிப் போகச் சம்மதிச்சு எழுதிக் கொடுத்திருக்கார். திங்கட்கிழமை. இதோ கையெழுத்து."

ஹெல்வி நாட்களை எண்ணிப் பார்த்தாள். திங்கட்கிழமை. அவள் கடிதத்தை அவன் மேசையில் வீசியதே செவ்வாய்க்கிழமைதான். கட்டு மாற்றிக்கொண்டு, ரயில் கதை சொல்லி, "ம்" என்று சொல்லி அனுப்பியிருக்கிறான். இஸ்திரிச் சட்டை போட்டுக்கொண்டு வந்தது ஊரிடம் விடைபெறத்தான்.

"கால்யு."

அவன் ஊன்றுகோலின் கைப்பிடியைத் தடவிக்கொண்டிருந்தான்.

"கால்யு! என்னைப் பாரு. எதுக்குக் கையெழுத்துப் போட்ட?"

"முப்பத்தோரு கிலோமீட்டர் ஹெல்வி," என்றான் அவன், தரையைப் பார்த்து. "போக முப்பத்தொண்ணு, வர முப்பத்தொண்ணு. அதுவும் பனியில. நீ எப்படியும் வருவ. எனக்குத் தெரியும், நீ வந்துடுவ. உனக்கு எதுக்கு இந்தத் தொல்லைன்னு..."

"என்கிட்டக் கேட்டியா? எனக்குத் தொல்லையா இல்லியான்னு என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டியா?" அவளுக்கு அழுகை முட்டியது, அதையும் கோபமாகவே மாற்றிக்கொண்டாள். மண்டபத்தைத் திரும்பிப் பார்த்தாள். "நீங்க எல்லாரும்தான்! வெல்லோ, கிழிச்சு எடுக்கறேன்னு சொன்னியே, எங்க? ஐனோ அக்கா, பின்னாடியே வர்றேன்னீங்களே! நானும் அப்படித்தான், ரெண்டு வருஷம் முன்னாடி கேள்வியை எழுதிப் பையில வச்சுக்கிட்டு வாயை மூடிக்கிட்டு உக்காந்திருந்தேன். நம்ம வாயிலேர்ந்து ஒரு வார்த்தை வராது. அடுத்தவங்களுக்குத் தொல்லை தரக்கூடாதாம்! இப்படியே ஒருத்தருக்கொருத்தர் தொல்லை தராம, தராம, ஒவ்வொருத்தரா அந்தப் பர்னு கட்டில்ல போய்ச் சாவோம். அந்தக் கால் என்னோட கால். ஒரு வருஷமா நான் காப்பாத்திக்கிட்டு வர்ற கால். யாரக் கேட்டு அதை எடுத்துக்கிட்டுப் போற நீ?"

தார்வோ கையிலிருந்த தாளைப் பார்த்தான், பிறகு ஹெல்வியைப் பார்த்தான்.

"இது இன்னும் என் உறையிலதான் இருக்கு," என்றான் மெதுவாக. "அலுவலகத்துல சேர்க்கல. அவர் திரும்பப் பெற்றுக்கலாம். ஆனா அவரே சொல்லணும். வாயால, இந்தக் கூட்டத்துல. உங்களால அவருக்காகச் சொல்ல முடியாது."

ஹெல்வி கைகளைக் கட்டிக்கொண்டு நின்றாள். சொல்லித்தொலை என்று கத்த வாய் துடித்தது, உதட்டைக் கடித்து அடக்கிக்கொண்டாள். ஒரு நிமிஷம் போனது. இரண்டு நிமிஷம்கூட இருக்கும். குறிப்பெடுக்கும் பெண் ஜன்னலைப் பார்க்கத் தொடங்கிவிட்டாள்.

பிறகு அவன் ஊன்றுகோலை நாட்டி எழுந்தான். எழுவதற்கே வெகுநேரம் ஆயிற்று. வெல்லோ தாங்கிப் பிடிக்க வந்தபோது தோளால் தள்ளிவிட்டான்.

"எனக்கு எதிர்ப்பு இருக்கு," என்றான். "அந்தத் தாளைக் கொடுங்க. நான் போகல."

தாளை வாங்கி நாலாக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டான்.

"நன்றி," என்றான் தார்வோ. "பாலம் வரும்னு நான் வாக்குக் கொடுக்க முடியாது. ஆனா கோப்பு திறந்துடுச்சு, சாலையை இப்ப மூட முடியாது. படிவத்துல காரணம்னு ஒரு கட்டம் இருக்கு. மருத்துவம்னு போட்டுக்கட்டுமா?"

"இல்ல," என்றான் கால்யு.

ஊன்றுகோலை இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டான். நெற்றியில் வியர்வை பூத்திருந்தது. சிவந்த முகத்தை யார் பக்கமும் திருப்பாமல், எதிரே தெரிந்த வெள்ளை ரயில் படத்தைப் பார்த்துப் பேசினான்.

"ஒரு நாள் விட்டு ஒரு நாள் இவ வர்றா. கார் சத்தம் கேக்கறதுக்கு முன்னாடியே நான் காபி வச்சுடுவேன். வராத நாள்ல நான் ஒண்ணும் செய்யறதில்ல, அடுத்த நாளுக்காக உக்காந்திருப்பேன். கால் புண் ஆறிட்டா என்ன செய்யறதுன்னு பயமா இருந்துச்சு. அதுதான் காரணம். அப்படியே எழுதிக்கங்க."

அந்தப் பெண் ஒரு சொல் விடாமல் தட்டினாள். விசைகளின் சத்தம் மண்டபம் முழுக்கக் கேட்டது.

ஹெல்வி அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். இருபத்தொன்பது வருஷமாக ஒரே ஊரில் இருந்துகொண்டு இதைச் சொல்ல இவனுக்கு ஒரு ரயில் பாதையே வர வேண்டியிருந்ததா என்று, அவன் ஊன்றுகோலைப் பிடுங்கி அங்கேயே அவனை நாலு சாத்து சாத்த வேண்டும் போல இருந்தது அவளுக்கு.